எட்டாவது கூட்டத்தின் நூறாவது ஆள்

தொற்றுநோயை எதிர்த்து மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது தடுப்பூசி அன்று, சிவப்பு ரிப்பன். கண்டுபிடித்தவர், சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகத்தின் மூன்றாம் பிரிவு எழுத்தர். விதிகளை வரி எண்ணோடு ஒப்பிப்பவர் என்பதால் சக ஊழியர்கள் அவருக்கு 'விதிப்புலி' என்று பேர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

காய்ச்சல் நகரெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம். 'கூட்டம் கூடாதீர்' என்ற அரிய கருத்தை விளக்க, எண்ணூறு பேரைத் திரட்டி மாநாடு நடத்தும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. அதே தபாலில் இன்னொன்று: எந்தக் கூட்டத்திலும் நூறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

இயக்குநருக்கு ஏசி அறையிலும் வியர்த்தது.

"எதை மீறினாலும் என் தலைதான்யா உருளும்."

"எதையும் மீற வேண்டாம் சார்," என்றார் எழுத்தர். "மண்டபம் ஒண்ணு, கூட்டம் எட்டு. நடுநடுவுல ரிப்பன் கட்டிடலாம். ஒவ்வொண்ணுக்கும் தனித் தலைவர், தனி வருகைப் பதிவேடு, தனி நன்றியுரை."

"மைக்கு?"

"அது ஒண்ணு போதும் சார். கை மாத்திக்கலாம்."

"இந்தக் கூட்டத்துல இருமினா அந்தக் கூட்டத்துக்குப் போகாதா?"

"ரிப்பனைத் தாண்டக் கூடாதுன்னு பலகை வெச்சிடலாம் சார்."

இயக்குநர் எழுந்து கைகொடுத்தார். கைகொடுப்பதும் அப்போது தடைதான். உணர்ச்சிப் பெருக்குக்கு விதிவிலக்கு உண்டு.

மாநாட்டன்று எல்லாம் இம்மி பிசகாமல் நடந்தது, ஒன்றைத் தவிர. எட்டாவது கூட்டத்தில் ஒரு நாற்காலி காலி. எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்பது எண்ணூறு ஆகாது. எழுத்தர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏங்க, எனக்கு நெஞ்சுச் சளிக்கு நேத்துதான் மாத்திரை முடிஞ்சுது. கூட்டத்துப் பக்கமே போகாதன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே," என்றாள் மனைவி.

"இது கூட்டம் இல்லம்மா. கூட்டத்துக்கு எதிரான கூட்டம்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ரிப்பன் இருக்கு."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. "சரி, வரேன். என்னால உங்க எண்ணிக்கை குறைய வேணாம். ஆனா ராத்திரி பாத்திரம் நீங்கதான் கழுவணும்."

வந்தாள். ரிப்பனை ஒட்டி உட்கார்ந்தாள். ஏழாவது கூட்டத்துக்காரர் ஒருவர், அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, இரண்டு மணி நேரம் இருமினார். ஒருமுறைகூட ரிப்பனைத் தாண்டவில்லை, ஒழுக்கமான மனிதர். கடைசியில் புகைப்படக்காரர், "இன்னும் நெருங்குங்க, பேனர் தெரியணும்," என்று எண்ணூறு பேரையும் ஒரே படத்துக்குள் அடைத்தார். பேனரில் 'விலகி இருப்போம்' என்று எழுதியிருந்தது.

அன்றிரவு எழுத்தர் சொன்னபடி பாத்திரம் கழுவினார். மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் அதுவும் இல்லை, அவளும் இல்லை.

அவர் வேலைக்குத் திரும்பியதும் இயக்குநர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் எட்டாவது பதிவேடு.

"உன் துக்கம் எனக்குப் புரியுதுய்யா. ஆனா மாநாட்டுக்கு வந்தவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு அறிக்கை போகணும். இவங்க பேரு இதுல எதுக்கு? அடிச்சிடு."

"அடிச்சா தொண்ணூத்தொன்பதுதான் சார் வரும்."

"நூறுக்கு மேலதான் போகக் கூடாது. குறையலாம்ல?"

"எண்ணூறு கேட்டாங்களே சார்."

"ஒரு ஆளுதானய்யா. யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?"

எழுத்தர் அளவுகோலை வைத்து நூறாவது பெயரின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். அவள் கையெழுத்தின் வால் மட்டும் கோட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. விதிப்படி, அடித்த இடத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார்.

பிறகு அறிக்கையை எழுதினார்: 'எட்டுக் கூட்டங்களும் விதிக்கு உட்பட்டு நடந்தன. பங்கேற்ற எவருக்கும் பாதிப்பு இல்லை.'

அடியில் 'ஏற்பாடு செய்தவர்' என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார். அறிக்கையில் அது ஒன்றுதான் உண்மை.