மடக்கு நாற்காலிப் பேரறிஞர்

அரிசோனாப் பாலைவனத்தில் தேள் உண்டு, வாலை ஆட்டிச் சத்தம் போடும் பாம்பு உண்டு. நாம் நம் வேலையைப் பார்த்தால் அவையும் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும். மூன்றாவதாக ஒரு ஜீவராசி உண்டு. நாம் நம் வேலையைப் பார்க்க ஆரம்பித்தால்தான் அதற்கு வேலையே தொடங்கும். வடக்கே பனி விழுந்ததும் இங்குள்ள டிரெய்லர் பூங்காக்களில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஒரு கையில் மடக்கு நாற்காலி, மறு கையில் மூடி போட்ட காப்பிக் குவளை, தலையில் ஏதோ விதைக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பி. இதற்கு மடக்கு நாற்காலிப் பேரறிஞர் என்று பெயர்.

அடையாளம் எல்லாம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்காதீர்கள், வாசகரே. தொப்பியை இப்போதுதான் கழற்றி வைத்தேன்.

இந்தப் பூங்காவில் இருப்பவர்கள் எல்லாரும் வீட்டை விற்றுவிட்டு வீட்டை இழுத்துக்கொண்டு திரிகிறவர்கள். பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு இரும்புத் தட்டு. அதில் ஒரு தாடை. பின்னால் வரும் டிரெய்லரின் மூக்குக்கு அடியில் ஒரு முளை. முளை தாடைக்குள் மாட்டிக்கொண்டால் பயணம். மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தால் பஞ்சாயத்து. அந்தத் தட்டுக்குத்தான் ஐந்தாம் சக்கரம் என்று பெயர். அது உருளாது, ஓடாது, பார்த்தால் சக்கரம் மாதிரிகூட இருக்காது. பிறகு ஏன் அந்தப் பெயர் என்று மட்டும் எங்களில் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். மதியச் சாப்பாடு போய்விடும்.

புதிய வண்டி ஒன்று வாசலில் திரும்பும் சத்தம் கேட்டால் போதும், பாதி சவரத்தில் இருப்பவர், பாதித் தூக்கத்தில் இருப்பவர், மனைவியோடு பாதிச் சண்டையில் இருப்பவர் எல்லாரும் அவரவர் பாதியை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியோடு வெளியே வந்து, வண்டி எந்த இடத்தில் பின்னோக்கி நுழையப் போகிறதோ அதற்கு எதிரே வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். எங்களுக்குச் சினிமா அதுதான். புருஷன் ஓட்டுவார். பெண்டாட்டி பின்னால் நின்று கையைக் காட்டுவாள். அவள் இடது என்பது அவருக்கு வலது. இருவரும் குரலை உயர்த்தும் நல்ல கட்டத்தில் எங்களில் ஒருவர் மெல்ல எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எங்கள் இனத்துக்கே உரிய அந்தக் கூவலைக் கூவுவார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, நான் ஒண்ணும் சொல்ல வரலை..."

யாராவது இதுவரை ஒன்றும் சொல்லாமல் போனதுண்டா?

ஆளுக்கொரு துறை உண்டு. கனடாக்காரர் கோர்டிக்கு டயர்க் காற்று. சாவு வீட்டுக்குப் போனாலும் சவ ஊர்தியின் டயரை ஒருமுறை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் துக்கம் விசாரிப்பார். அயோவாக்காரர் வெண்டலுக்குக் கழிவுத் தொட்டி. அதன் குழாயைத் திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மிச்சம் எப்படிக் கோபுரமாக நின்றுவிடும் என்பதை, சனிக்கிழமைப் பொதுச் சாப்பாட்டில், மசித்த உருளைக்கிழங்கும் குழம்பும் வைத்துச் செய்து காட்டுவார். எனக்கு, அதாவது நெப்ராஸ்கா டெல்பர்ட்டுக்கு, டிரெய்லர் மாட்டும் துறை. முளை, தாடை, பூட்டு பற்றி என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுப்பாமலும் சொல்வேன்.

என் மனைவி நோரீனிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். "ஊர்ல தானியக் கிடங்கு எடைமேடையில இருந்தாரு. அங்க லாரிய நிறுத்துக்கிட்டிருந்தாரு. இப்ப வழியில போறவங்கள நிறுத்திக்கிட்டிருக்காரு."

போன பருவத்தில் எங்களுக்குப் பக்கத்து இடத்தில் லைல், லவோன் என்று வடக்கு டகோடாத் தம்பதி. வண்டி ஓட்டுவதெல்லாம் லைல்தான். குளிர்காலத்தின் நடுவில் அவர் கண்ணில் ஏதோ கோளாறு. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் திட்டு, ஓரம் மட்டும்தான் தெரியும். இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஃபார்கோவில் இருக்கும் மகன் உடனே தன் வீட்டு நிலவறையைக் காலி செய்து மஞ்சள் வண்ணமும் அடித்துவிட்டான். லவோன் விடவில்லை. நான் இழுக்கிறேன் என்றாள். சரி, ஒரு பயணம் பார்க்கலாம், சின்னதாக ஏதாவது ஒன்று நடந்தாலும் டிரெய்லரை விற்றுவிட்டு நிலவறைக்கு வந்துவிட வேண்டும் என்று மகன் வாக்கு வாங்கிக்கொண்டான்.

"அந்த நிலவறை ஜன்னல் உச்சில இருக்கு நோரீன். அது வழியா ஆறு மாசம் பனி தெரியும், ஆறு மாசம் பக்கத்து வீட்டுக்காரன் செருப்பு தெரியும்," என்று லவோன் சொல்லிச் சிரித்தாளாம். சிரித்த முகத்தை உடனே திருப்பிக்கொண்டாளாம்.

அந்த ஒரே பயணத்துக்கு அவள் புறப்பட்ட காலையில், மதியத்துக்குமேல் பலத்த காற்று என்று ரேடியோவில் சொன்னார்கள். அவ்வளவு உயரமான வீட்டைக் காற்றில் முதல்முறை இழுப்பது யாருக்கும் நல்லதல்ல. சீக்கிரம் கிளம்பியாக வேண்டும். ஒரு பெண் தனியாக டிரெய்லர் மாட்டுகிறாள், அதுவும் என் துறையில்! நான் எப்படிப் பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்பது? நாற்காலியை எடுத்துக்கொண்டேன்.

லவோன் பிக்கப்பின் பின்கதவைத் தட்டிப் பார்த்து, சுண்டுவிரலை மடக்கி, "பின்கதவு" என்றாள். தட்டைத் தொட்டு அடுத்த விரலை மடக்கி, "தட்டு" என்றாள். வண்டியில் ஏறினாள்.

"லவோன், தப்பா எடுத்துக்காதம்மா, நான் ஒண்ணும் சொல்ல வரலை..."

எஞ்சினை அணைத்தாள். "சொல்லுங்கண்ணே."

தட்டு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டாள். பிறகு இறங்கிப் போய் மறுபடியும் பின்கதவைத் தட்டி, சுண்டுவிரலை மடக்கினாள். பாவம், பதற்றத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை தாடை வரைக்கும் வந்தாள். தாடைக்கு நல்ல கிரீஸ் போட வேண்டும் என்று, ஒரு நல்லெண்ணத்தில்தான், ஞாபகப்படுத்தினேன். "சரிண்ணே" என்றாள். பின்கதவுக்குப் போனாள். அதற்கடுத்து பூட்டு ஊசி வரை வந்தபோது அவள் குனிந்து நிற்கும் முறை முதுகுக்கு ஆகாது என்று சொன்னேன். மறுபடியும் பின்கதவு!

வெயில் ஏறியது. பூங்கா அலுவலகத்துக் கொடி லேசாக அசைய ஆரம்பித்தது. எனக்கே பதறியது.

"ஏம்மா, இப்படி ஆமை மாதிரி செஞ்சா காத்து வந்துரும்மா!"

அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். விரல்களை விரித்தாள். பின்கதவைத் தட்டினாள்.

படியில் நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லைல் என் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னார். "டெல்பர்ட், அவளுக்கு ஒரு விதி இருக்குப்பா. மாட்டுறப்ப யாராச்சும் பேச்சுக் குடுத்தா, திரும்ப முதல்லேருந்து. நானே காலைலேருந்து வாயத் தொறக்கல."

"அப்படியா? யாரு அவ்வளவு பேச்சுக் குடுத்தது?" என்று கேட்டேன்.

நாய் என்னைப் பார்த்தது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் நாற்காலியை மடக்கிக்கொண்டு போயிருப்பான். பேரறிஞர் போவாரா? அவள் விதியே தப்பு, அதைப் புரிய வைக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. "சரிம்மா, நான் இனிமே பேசவே மாட்டேன். செஞ்சு காட்டுறேன், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு என் பிக்கப்பை நோக்கி நடந்தேன். என் டிரெய்லரில் பக்கவாட்டுக் கூடம் இழுப்பறை போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மின்கம்பி சொருகியபடி இருந்தது. உள்ளே நோரீன் மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். நான் எங்கே ஊருக்கா போகிறேன்? மாட்டிக் காட்டிவிட்டுக் கழற்றப் போகிறேன், அவ்வளவுதானே.

நான் என் வண்டியோடு மல்லுக்கட்டிய அந்தக் கொஞ்ச நேரத்தில் லவோனுக்கு அன்றைக்கு முதன்முதலாக அமைதி கிடைத்தது. எல்லா விரலையும் மடக்கி முடித்துவிட்டாள். நான் அதைப் பார்க்கவில்லை. ஒரே வீச்சில் பின்னால் போனேன். 'டக்' என்று சத்தம். எவ்வளவு இனிமையான சத்தம்! இறங்கி ஓடிப்போய், டிரெய்லரின் முன்னங்கால்களைத் தூக்கும் பொத்தானில் விரலை வைத்தேன். லவோன் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"இழுத்துப் பாத்தீங்களாண்ணே?"

இழுத்துப் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கால்கள் தரையில் இருக்கும்போதே டிரெய்லரின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை லேசாக முன்னே இழுக்க வேண்டும். தாடை முளையைக் கவ்வியிருந்தால் வண்டி முனகிக்கொண்டு நின்றுவிடும். கவ்வாவிட்டால் பிக்கப் மட்டும் கழன்று வரும், கால்கள் வீட்டைத் தாங்கிக்கொள்ளும், யாருக்கும் சேதமில்லை. புதிதாக வருகிற எல்லாருக்கும் நான் சொல்லித் தரும் முதல் பாடமே அதுதான்.

"ஏம்மா, யாருகிட்ட? சத்தத்த வச்சே எனக்குத் தெரியும்," என்றேன். பொத்தானை அழுத்தினேன். கால்கள் மேலே போயின. ஏறி உட்கார்ந்து, ஒரு ராஜா போலக் கையை அசைத்துவிட்டு, வண்டியை முன்னே எடுத்தேன்.

பிக்கப் முன்னே வந்தது. வீடு வரவில்லை. தாடையிலிருந்து முளை வழுக்க, டிரெய்லரின் மூக்கு மொத்த வீட்டின் கனத்தையும் சேர்த்துக்கொண்டு, என் பிக்கப்பின் இரண்டு பக்கச் சுவர்மேலும் 'தடால்' என்று உட்கார்ந்தது. இறக்கி வைத்திருந்த பின்கதவு அப்பளமாக நொறுங்கியது. அடுப்படியிலிருந்து ஒரு பாத்திரம் உருண்டு, உருண்டு, வெகுநேரம் உருண்டு ஓய்ந்தது. கதவு திறந்தது. நெஞ்சிலிருந்து முழங்கால் வரை பான்கேக் மாவு வழிய நோரீன் நின்றாள்.

"ஏங்க, நாம எங்கயாச்சும் கிளம்புறோமா? ஒரு வார்த்தை சொல்லலையே?"

லைல் நாயை அணைத்துக்கொண்டு எழுந்தார். "லவோன், என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்லங்க. டெல்பர்ட் அண்ணன் செஞ்சு காட்டினாரு."

"புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க."

கூட இருந்து உதவட்டுமா என்று லவோன் கேட்டாள். நோரீன் கொடியைப் பார்த்தாள். "நீ கிளம்புடி, காத்து வந்துரும். இதப் பாத்துக்க நான் இருக்கேன்," என்று மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

லவோன் கிளம்பினாள். பூங்கா வாசலில் ஒரு பெரிய கள்ளிமரம், அதைச் சுற்றிக் கல் வரிசை. நான் ஒவ்வொரு தடவையும் உரசும் கல். அவள் அகலமாக வளைத்தாள். அந்த உயர்ந்த வெள்ளை வீடு கல்லைத் தொடாமல், கள்ளியைத் தொடாமல், நின்று நிதானமாகத் திரும்பி நெடுஞ்சாலையில் ஏறியது. ஃபார்கோவின் மஞ்சள் நிலவறை இனி வேறு ஆளைத்தான் தேட வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையாகவே சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் "இன்னும் கொஞ்சம் ஓரமாப் போம்மா" என்று கத்த வாய் துடித்தது பாருங்கள், அதைத்தான் அடக்க முடியவில்லை. நோரீன் ஒரு பான்கேக்கைச் சுருட்டி என் வாயில் திணித்தாள்.

பிறகு நாற்காலிகள் வந்தன. கோர்டி வந்தார், வெண்டல் வந்தார், மூன்றாம் தெருவிலிருந்து முகம் தெரியாதவர்கள் எல்லாம் வந்தார்கள். என் பிக்கப்பைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். "தப்பா எடுத்துக்காத டெல்பர்ட், நான் ஒண்ணும் சொல்ல வரலை, ஆனா இழுத்துப் பாத்திருக்கணும்," என்றார் வெண்டல். எல்லாரும் அதையே சொன்னார்கள். ஒவ்வொருவரும் தான்தான் முதலில் கண்டுபிடித்தது போலச் சொன்னார்கள். கோர்டி மட்டும் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, காற்றுக் குறைவுதான் காரணம் என்றார். எனக்கு அவரைக் கொல்ல வேண்டும்போல இருந்தது.

திருந்திவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த வாரமே ஒரு புது வண்டி வந்தது. முன்பெல்லாம் வாயால்தான் சொல்வேன். இப்போது பக்கச் சுவரில் பள்ளம் இருக்கிறது, தொட்டுக் காட்டலாம்.

இதெல்லாம் அமெரிக்கப் பாலைவனத்துக் கதை, நமக்கென்ன என்று இருக்கிறீர்களா, வாசகரே? நீங்கள் ஒரு டிரெய்லரைக் கிட்டத்தில் பார்த்திருக்கக்கூட மாட்டீர்கள். ஆனாலும் நான் பொத்தானை அழுத்தியபோது, "பெண்டாட்டி உள்ளே இருக்கும்போது காலைத் தூக்கலாமா மனுஷா?" என்று உங்கள் உதடு அசைந்ததா இல்லையா? மின்கம்பியைப் பிடுங்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டதா இல்லையா? அசைந்திருந்தால் தயங்க வேண்டாம், வாருங்கள். எங்கள் வரிசையில் எப்போதும் இடம் உண்டு. நாற்காலியை விரிக்கும்போது மட்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் ஒன்றும் சொல்ல வரவில்லை, பின்கால் சரியாக மாட்டிக்கொண்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.