மேற்படி பூனையும் என் மடியும்

தர்மபுரி,
வெகுதானிய வருஷம், தை மாதம் 14.

அரூரில் வாழும் மகாராஜராஜஸ்ரீ தீர்த்தகிரி மாமா அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் பத்திர எழுத்தர் வெங்கடாசலம் வணக்கமாய் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், பூனை சுகமில்லை. அங்கே தாங்களும் காவேரி அக்காவும் மாப்பிள்ளை தர்மனும், எருமை உட்பட, சுகமாயிருக்க வேண்டியது.

வருகிற இருபத்தோராம் தேதி காலை எட்டு மணிக்குத் தீர்த்தமலையில் தர்மனுக்குக் காது குத்து, தாய்மாமன் மடி தயாராக இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். மடி தயாராகத்தான் இருக்கிறது. அதில் பூனை உட்கார்ந்திருக்கிறது. இது நான் தேடிப் பிடித்த பூனையல்ல. சென்ற ஆடியில் "ஒண்டியாக் கெடக்கறே, தொணைக்கு இருக்கட்டும்" என்று தாங்களே கோணிப்பையில் கட்டி அனுப்பிய பூனை என்பதை முதலிலேயே பதிவு செய்துகொள்கிறேன்.

மேற்படி பூனை இரண்டு மாதம் முன்பு சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தும் இளைத்துக்கொண்டே போயிற்று. அது மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்தது. எனக்கு நீரிழிவு வந்தபோது காட்டிக் கொடுத்ததும் இதே எறும்புகள்தான். மாட்டு டாக்டரிடம் போனேன். முதலில் சிரித்தார்; பிறகு அதன் நீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார், சர்க்கரைக்கு அடையாளமான செங்கல் நிறம் வந்தது, சிரிப்பு நின்றுபோயிற்று. அன்று முதல் இன்சுலின் புட்டியை ஈரமணல் பானையில் புதைத்து வைத்து, காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ஊசியைக் கொதிக்க வைத்து, முதலில் எனக்கு, பிறகு அதற்கு. என் மடி என்றால் அசையாது. மற்றவர் மடியில் ரத்தக் காயம் நிச்சயம்.

நான் ஊருக்கு வர வேண்டுமானால் ஊசி போட ஒரு ஆள் வேண்டுமல்லவா? பாதி ஊருக்கு ஊசி போட்ட கம்பவுண்டர் இன்னாசியைக் கூப்பிட்டேன். பூனை பரண் மேல் ஏறிவிட்டது. அவர் கீழே நின்று, "நமக்குப் படுத்துக் கெடக்கற நோயாளிதானுங்க பழக்கம்" என்று சொல்லிவிட்டு, காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள். தைரியசாலி. நாலு நாள் கத்தரிக்காயில் தண்ணீர் ஊசி போட்டுப் பழகினாள். நாலு நாளும் அந்தக் கத்தரிக்காயைத்தான் நான் குழம்பு வைத்துத் தின்றேன். பூனையைத் துணியில் சுற்றிப் பிடிக்கவும் கற்றுக்கொண்டாள். சரி, ஒத்திகை பார்க்கலாமென்று முந்தாநாள் விடியற்காலையிலேயே பாலக்கோட்டுக்குப் போய், நேற்றுக் காலை திரும்பி வந்து பார்த்தால், என் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து! உள்ளே மஞ்சள் தண்ணீர், கூழ், பூனையைச் சுற்றியும் வேப்பிலை.

"என்னம்மா இது?" என்றேன்.

"ஊசி குத்தினா ஆத்தா எறங்கற மாதிரிதானுங்களே? எம் புள்ளைக்கு அம்மை குத்தினப்பவும் இப்பிடித்தான் கட்டினோம். குளுகுளுன்னு எளநியும் கல்கண்டும் குடுத்தேனுங்க."

"சாயங்கால ஊசி?"

"ஆத்தா வூட்டுக்குள்ள இருக்கையில மறுபடியும் குத்தலாங்களா? அவளுக்குக் கோவம் வராது?"

மாமா, நீரிழிவுக்காரப் பூனைக்குக் கல்கண்டு! அது தலையைத் தூக்காமல் கிடந்தது. முதல் தரம் ஊசி என் விரலில்தான் இறங்கியது என்று எழுத எனக்கு வெட்கமில்லை. ஊசி போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்; இன்று காலைதான் பால் குடித்தது. திட்டலாமென்று எழுந்தால் தீர்த்தம்மாள் அழுதுகொண்டே பூனைக்கு விசிறுகிறாள். யாரைத் திட்டுவது?

அதோடு போயிற்றா? வேப்பிலையைப் பார்த்த பால்காரன் தெருமுனையோடு திரும்பிவிட்டான். பத்திரம் எழுத வந்தவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். சுகாதார இன்ஸ்பெக்டர் தெருவில் நின்றபடியே, 'இது அம்மை கண்ட வீடு, இதில் உள்ளவர் பதினாலு நாள் பஸ் ஏறக் கூடாது' என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார். நான் உள்ளிருந்து "பூனைக்குங்க, பூனைக்குங்க!" என்று கத்தினேன். அவர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஆகையால் நான் வருவதற்கில்லை. காது குத்தை மாசிக்குத் தள்ளி வையுங்கள். எட்டு வருஷம் காத்துப் பிறந்த பிள்ளை என்பது எனக்குத் தெரியும். அதற்காக வேறு எவன் மடியிலாவது தர்மனை உட்கார வைத்தீர்களானால் அரூர்ப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு இந்த ஒரு உரிமைதான் இருக்கிறது, மாமா. அதையும் ஒரு பூனைக்காக விட்டுவிட என்னால் ஆகாது.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தர்மனுக்குத் தீர்க்காயுசும், காதில் கடுக்கனும், நல்ல புத்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
வெங்கடாசலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். நோயாளியைக் காட்டு என்றார், காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். பிறகு தாமே நோட்டீசைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டு போனார். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இருபதாம் தேதி பஸ்ஸில் நான், கூடையில் பூனை, மணல் பானையோடு தீர்த்தம்மாள் ஆக மூவரும் வருகிறோம். முகூர்த்தமும் எட்டு மணி, ஊசியும் எட்டு மணி, இருப்பது ஒரே மடி. காது குத்தும் ஆசாரிக்குக் கை நடுங்காது என்று கேள்வி. அன்று தர்மன் காதோடு பூனையையும் சேர்த்துக் குத்த வேண்டியது மூன்று இடம் என்று அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.