பூவம்மாள் போட்ட சட்டம்

பஞ்சாட்சரம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்றால் ஆம்பூரே கேட்கும். அதை அவர் ரயில்வே கேட்டில் நின்றுதான் சொல்வார்.

"எனக்குக் காய்ச்சலே வரல. வராத காய்ச்சலுக்கு மாசாமாசம் ஓரணா கட்டணுமாம்! சர்க்காருக்கு இன்னா அதிகாரம் இருக்குதுன்றேன்?"

விஷயம் இதுதான். தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வைத்திய நிதியில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவரப் போவதாகப் பேச்சு. அதற்குள் நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று பஞ்சாட்சரம் வேலை பார்த்த ஷாப்பின் முதலாளி தாமே ஒரு நிதியை ஆரம்பித்துவிட்டார். ஆளுக்கு ஓரணா, பொண்டாட்டியையும் சேர்த்தால் இன்னும் ஓரணா. வேண்டாம் என்கிறவன் எழுதிக் கொடுத்துவிடலாம். முந்நூறு பேரில் ஒரே ஒருவர் எழுதிக் கொடுத்தார். யார் என்று சொல்லவும் வேண்டுமா?

குமாஸ்தா மஹபூப் பாஷா காகிதத்தைத் தயங்கித் தயங்கி வாங்கினார். "வேணாம்ப்பா பஞ்சாட்சரம். ஒடம்புன்னு ஒண்ணு இருக்குதே."

"ஒடம்பு என்னுது பாய். அதுல சர்க்கார் இன்னாத்துக்குப் பங்கு கேக்குது?"

வீட்டுக்கு வந்து மார்தட்டினார். மனைவி பூவம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டேன் பூவு! யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது!"

"சரி மாமா."

"சட்டமே வந்தாலும் கட்ட மாட்டேன்!"

"சரி மாமா. கொழம்பு கொதிக்குது, கொஞ்சம் கிளறி வுடு."

கிளறினார்.

எட்டு மாதம் ஓடியது. அவருக்கு இருந்த ஒரே குறை, தட்டில் சோறு கம்மியாக விழுந்ததுதான். கேட்டால், "ஒனக்கு வயசாவுது, பசி ஜாஸ்தியா தெரியுது" என்பாள். வயசானால் பசி குறையத்தானே வேண்டும் என்று அவர் யோசிப்பதற்குள் மோரை ஊற்றிவிடுவாள்.

ஒருநாள் காய்ந்த தோல் கட்டைப் பிரித்தவருக்கு வலது மணிக்கட்டில் சின்னதாய் ஒரு கொப்புளம். மறுநாள் அது நடுவில் கறுத்துப்போனது. அந்தக் கரும்புண் என்ன செய்யும் என்று ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும். போன வருஷம் ஒருத்தன் அதிலேயே போய்ச் சேர்ந்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் அப்புறம் ரயில்வே கேட்டில் எந்த மூஞ்சியோடு நிற்பது? துண்டைச் சுற்றிக்கொண்டு, "சுளுக்கு" என்று சொல்லி இடது கையால் வேலை பார்த்தார், பாவி மனுஷன்.

மூன்றாம் நாள் சோற்றை உருட்டினார். கை வாய்வரை வரவில்லை.

"துண்டை எடு மாமா."

"சுளுக்குடி."

"எடுன்றேன்ல!"

எடுத்தார். கை முழங்கைவரை வீங்கியிருந்தது. பூவம்மாள் அவரை அப்படியே இழுத்துக்கொண்டு கிளம்பினாள். அடுத்த ரயிலில் காட்பாடி, அங்கிருந்து ஜட்கா வண்டி, வேலூர் ஆஸ்பத்திரி.

"திரும்பிடலாம் பூவு. ஒன் கம்மலை வித்தாலும் காணாது" என்று வழியெல்லாம் முனகினார். அவள் காதிலேயே வாங்கவில்லை. ஊசி மேல் ஊசி, பன்னிரண்டு நாள் படுக்கை. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர்.

காய்ச்சல் தெளிந்ததும் அவர் முதலில் பார்த்தது பூவம்மாளின் காதைத்தான். கம்மல் பத்திரமாக இருந்தது.

பார்க்க வந்திருந்த மஹபூப் பாஷா சிரித்தார். "இன்னாப்பா முழிக்கறே? எல்லாம் நிதிதான். எட்டு மாசமா ஒம் பேர்ல ஓரணா வந்துக்கினே இருக்குது."

"நான்தான் வேணாம்னு எழுதிக் குடுத்தேனே பாய்!"

"அந்தக் காகிதமா? அன்னிக்கு சாயங்காலமே ஒம் பொண்டாட்டி எங்க வூட்டுக்கு வந்துட்டா. அவளும் என் பீவி அன்வரியும் அதை வெச்சு அடுப்பு பத்தவெச்சு, எனக்கு டீ போட்டுக் குடுத்தாங்க. குடிச்சப்புறம் நான் இன்னா பேசறது?"

"காசு ஏது?"

"தெனம் ஒரு பிடி அரிசி. மாசக் கடைசியில அன்வரி அதை வாங்கிக்கினு ஓரணா குடுத்துடுவா."

பஞ்சாட்சரத்துக்கு அந்தக் குறைச்சல் சோறு ஞாபகம் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. இந்தப் பொம்பளை மட்டும் இல்லையென்றால் இந்நேரம் நான் எங்கே இருப்பேன்? பெண்டாட்டி என்றும் பாராமல் கும்பிடப் போனார். ஒரு கையில்தான் பெரிய கட்டாயிற்றே! பாதிக் கும்பிடுதான் போட முடிந்தது.

வீடு திரும்பி முதல் சாப்பாடு. சோறு முன்னைவிடக் கம்மி.

"இன்னா பூவு, இப்போ ரெண்டு பிடி கொறையுதே?"

"ஒண்ணு ஒம் பேர்ல. ஒண்ணு எம் பேர்ல. ஏன், எனக்கு ஒடம்பு இல்லியா?"

"அப்போ இத்தினி நாளா ஒம் பேர்ல கட்டலியா?"

"ஒரு பிடிக்கு மேல எடுத்தா நீ கண்டுபுடிச்சிருப்பே."

அவருக்குச் சுருக்கென்றது. ரயில்வே கேட்டில் அத்தனை கத்தியும் இவள் உடம்பு ஒருநாள்கூட நினைவுக்கு வரவில்லையே! தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார். தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளி நீட்டினார்.

"இந்தா பூவு! சர்க்கார் சொல்லி இல்ல, சட்டம் சொல்லி இல்ல. யாரும் கட்டாயப்படுத்தாம, நானா, மனசாரக் குடுக்கறேன். ஒம் பேர்ல போட்டுக்கோ!"

பூவம்மாள் அந்தக் கையைப் பிடித்துத் தட்டுக்கே திருப்பினாள்.

"வெந்த சோறு செல்லாது மாமா, நீ சாப்புடு. நாளைக்கு அரிசியாவே நான் எடுத்துக்கறேன்."