மச்சினன் வைத்த வெடி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதிதாக ஒரு சொல் காதில் விழுந்தால், அதற்கு என்ன பொருள் என்று சொன்னவரிடம் கேட்க மாட்டேன். அகராதியிடம் போய்க் கேட்பேன். சொன்னவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நான் குடித்துக்கொண்டிருப்பது அவர் வீட்டுத் தேநீராகவும் இருக்கும். இருந்தாலும் அவரைவிட அகராதிக்குத்தான் அதிகம் தெரியும் என்பது என் நம்பிக்கை. எம்.ஏ. வரலாறு முடித்த புதிதில் இந்தப் பழக்கம் உச்சத்தில் இருந்தது. அந்த உச்சியிலிருந்து, நிறைந்த சபையில், ஒலிபெருக்கியோடு நான் விழுந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நானும் என் கல்லூரித் தோழி ஷைனியும் சுசீந்திரத்தில் ஒரு வட்டம் நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு மாதம் புத்தகம், மறுமாதம் சினிமா, அதற்கடுத்த மாதம் ஓவியம், இடையிடையே அரசியல். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீதம் உலக வரலாற்றையே முடித்துவிடுவது என்பது திட்டம். வழக்கமாக ஏழு பேர் வருவார்கள். (அதில் இரண்டு பேர் நாங்கள். ஒருவர் மின்விசிறிக்காக வருகிறவர்.)

கூட்டம் நடந்த இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறை. மண்டபத்தின் செயலாளர் என் அம்மாவின் அண்ணன், சிதம்பரம் மாமா. பெரிய மனசு, சின்னப் பொறுமை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“மக்கா, அந்த ரூமை அபாகஸ் கிளாஸுக்குக் கேக்கான். நாப்பது பிள்ளைய வருமாம். நீங்க ஏழு பேரு இருந்து பேசுகதுக்கு மாடி எதுக்குட்டி? ஆட்டோ ஸ்டாண்டு போதாதா?”

“மாமா, இது பண்பாட்டு இயக்கம்.”

“இயக்கம்னா ஆளு இயங்கணும்லா? ஒண்ணு செய்யி. அடுத்த மாசம் கீழ் ஹாலையே தாறேன். நூறு நாற்காலி போடுகேன். நிறைஞ்சுன்னா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா அபாகஸு.”

மணிச்சட்டத்திடம் பண்பாடு தோற்பதா? எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே முடிவு செய்தேன்: ஓர் ஆவணப்படம் எடுப்போம். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு நடந்த போராட்டத்தில் அடிபட்ட ஒருவரைத் தேடிப் பிடித்து, படம் எடுத்து, அவரையே மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவோம். வரலாறு, கலை, சினிமா, அரசியல் நான்கும் ஒரே நாற்காலியில் உட்காரும். மற்ற தொண்ணூற்றொன்பது தானாக நிறையும்.

“ஆளுக்கு எங்கட்டி போறது?” என்று கேட்ட ஷைனியே ஆளையும் சொன்னாள். அவளுக்குச் சொந்த ஊர் குழித்துறை. “எங்க வீட்டுக்குப் பக்கத்துல பொன்னையன் பாட்டா உண்டு. முன்னால வாழக்குலை யாவாரம். கெண்டைக்கால்ல இம்மாம்பெரிய தழும்பு. கேட்டா, ‘அது எனக்கு வெடி கொண்டது’ன்னு சொல்லுவாரு.”

நான் துள்ளி எழுந்தேன். மலையாளத்தில் ‘வெடி’ என்றால் துப்பாக்கிச் சூடு. ‘வெடி வைத்தான்’ என்றால் சுட்டான். எங்கள் மாவட்டத்தில் மேற்கே போகப் போகப் பேச்சில் மலையாளம் கலந்து வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே, பாட்டா குண்டடி பட்டவர்.

“ஏட்டி, சாதா வெடியா இருந்தா?” என்றாள் ஷைனி.

“நீ மேற்கே பொறந்திருக்கே, சரி. மொழியியல் படிச்சிருக்கியா?” என்று அவள் வாயை அடைத்தேன். (இன்றும் இந்த வரியை அவள் மாதம் ஒருமுறை எனக்குத் திருப்பிச் சொல்கிறாள்.)

மறுநாளே கேமராவோடு குழித்துறைக்குப் போனோம். பொன்னையன் பாட்டாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது, தெளிவான குரல், பேசக் கொள்ளை ஆசை. கேட்பதற்கு முன்பே வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டிவிட்டார். இந்த ஒரு நேர்காணலை மட்டும் அப்படியே எழுதிவிடுகிறேன். என் முட்டாள்தனத்தை என் சொற்களால் இவ்வளவு துல்லியமாக விவரிக்க முடியாது.

“பாட்டா, இது எப்ப நடந்தது?”

“எல்லாவனும் போராட்டம் போராட்டம்னு நடந்த காலம். எனக்கு அப்ப ஒரு பன்னெண்டு வயசு காணும். நல்ல ஓர்மை உண்டு பிள்ளே. கொடி பிடிச்சு, கொட்டடிச்சு, ரோடு நிறைஞ்ச கூட்டம் வருது. நான் முன்னால நிக்குதேன்.”

“போலீஸ் இருந்தாங்களா?”

“கூட்டம்னா போலீஸ் வராம இருக்குமா?”

“அப்புறம்?”

“எல்லாரும் ‘ஓடுலே, ஓடுலே’ன்னு விளிக்காவ. நான் ஓடல்ல. பேடிச்சு ஓடினா மானக்கேடு இல்லியா? நெஞ்ச நிமிர்த்திக்கிட்டு நிண்ணேன். வெடி வச்சான் பாரு, காலு தெறிச்சுப் போச்சு!”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேமராவுக்குப் பின்னால் ஷைனியும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“வெடி வச்சது யாரு பாட்டா?”

“வேற ஆரு? எனக்க மச்சினன் குட்டப்பன்தான்.”

“உங்க சொந்த மச்சினனா?”

“எனக்க மாமனுக்க மோன். அவனுக்கு அதுதான் வேல. அவனுக்க அப்பனுக்கும் அதே வேல.”

(இரண்டு தலைமுறைக் கைக்கூலிகள்! குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன்.)

“அதுக்கப்புறம் அவர்கூட நீங்க பேசவே இல்லையா?”

“எதுக்குப் பேசாம? கட்டு போட்டுக்கிட்டு வந்து, ரெண்டுவேரும் ஒரு இலையில இருந்து பாயசம் குடிச்சோம்.”

சுட்டவனோடு ஒரே இலையில் பாயசம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டாவுக்கோ நான் ஏன் அழுகிறேன் என்று புரியவில்லை. “பிள்ளைக்குப் பாயசம் வேணுமோ?” என்று கேட்டார். அப்போதாவது சுதாரித்திருக்கலாம். நான் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

படம் பதினெட்டு நிமிடம். துப்பாக்கிக் காட்சிக்கு நானே கரித்துண்டால் ஓவியங்கள் வரைந்தேன். குட்டப்பனுக்குக் காது வரை மீசை, சிவந்த கண், நீண்ட துப்பாக்கி. பின்னணிக் குரலும் நானே. முடித்ததும் ஷைனி சொன்னாள்: “பாட்டாகிட்ட ஒருதடவ போட்டுக் காட்டிருவோம்.” நான் மறுத்துவிட்டேன். படத்தில் இருப்பவருக்கு முன்கூட்டிப் படத்தைக் காட்டினால் திரையில் பார்க்கும்போது வரும் இயல்பான உணர்ச்சி கெட்டுவிடும் என்று ஏதோ சினிமாப் புத்தகத்தில் படித்திருந்தேன். இயல்பான உணர்ச்சி எனக்கு வேண்டும். கிடைத்தது.

மாமாவுக்கு விஷயம் தெரிந்ததும் அவருடைய சின்னப் பொறுமையும் போய்விட்டது. தன் செலவில் ஃபிளெக்ஸ் அடித்தார்: ‘குண்டடி பட்டும் குலையாத குழித்துறைச் சிங்கம்!’ தோவாளையிலிருந்து ஆளுயர மாலை வரவழைத்தார். கூட்டத்தன்று மாலை ஐந்து மணிக்கு நூறு நாற்காலியும் நிறைந்து, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் அம்மா, புதுப்புடவையில்.

பாட்டா வெள்ளை வேட்டியில் காரிலிருந்து இறங்கினார். கூடவே ஒல்லியாக இன்னொரு கிழவர். பாட்டா அவரைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் புரொஜக்டர்காரரிடம் ஓடிக்கொண்டிருந்தேன். “ரெண்டு பேரும் முன்னால உக்காருங்க பாட்டா!” என்று கத்திவிட்டுப் போய்விட்டேன்.

விளக்குகள் அணைந்தன. படம் தொடங்கியது. இணையத்திலிருந்து இறக்கிய துப்பாக்கிச் சத்தம் மண்டபத்தையே உலுக்கியது. இருட்டில் பாட்டாவின் குரல் கணீரென்று கேட்டது: “இது எந்தக் கோயில் வெடி பிள்ளே?”

யாரோ “உஷ்” என்றார்கள். கிழவர் பழைய நினைவில் குழம்புகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரையில் மீசை வந்தது. என் குரல் தழுதழுத்தது: “அவரைச் சுட்டவன் அந்நியன் அல்லன். மாமன் மகன் குட்டப்பன். ரத்தமே ரத்தத்தைச் சுட்டது!”

“ஆரு, குட்டப்பனா?” பாட்டா எழுந்துவிட்டார். புரொஜக்டர் வெளிச்சத்தில் அவருடைய நிழல் மீசைக்கு மேல் விழுந்தது. “லேய், படத்த நிறுத்துலே! குட்டப்பன் எதுக்குலே என்னச் சுடணும்? அவன் கதினாவுக்குத் தீ வச்சவனில்லா!”

விளக்கைப் போட்டார்கள். பாட்டா பக்கத்து நாற்காலியைக் காட்டினார். “இதா இருக்கான் குட்டப்பன். அவன்கிட்டயே கேளுங்க!”

உடன் வந்த ஒல்லிக் கிழவர்தான் குட்டப்பன். நான் கைக்கூலி என்றும் ரத்தத்தைச் சுட்டவன் என்றும் ஊரைக் கூட்டிச் சொன்ன மனிதர், நாங்கள் கொடுத்த தேநீரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் வெடிச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்றதில் காது சுத்தமாகப் போயிருந்தது. என் பின்னணிக் குரலில் ஒரு சொல்கூட அவருக்குக் கேட்கவில்லை. திரையில் உறைந்து நின்ற மீசையை ரசித்துப் பார்த்துவிட்டு, “ஆளு கொள்ளாம். இது ஆரு?” என்றார்.

மண்டபம் வெடித்தது. (எந்த அகராதிப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.)

பாட்டா ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். நடந்தது கோயில் திருவிழா. கொடி, கொட்டு, கூட்டம் எல்லாம் சாமி ஊர்வலம். கதினா என்பது வெடிமருந்தை இடித்து அடைத்துத் தீ வைக்கிற இரும்புக் குழல். குட்டப்பன் வீட்டார்தான் கோயிலில் வெடி வைக்கிறவர்கள். “பேடியில்லாதவன் பக்கத்துல நில்லுலேன்னு ஒருத்தன் பந்தயம் வச்சான். நிண்ணேன். இவன் ‘ஓடுலே’ன்னு தொண்ட கிழிய விளிச்சான். கேட்டனா? தப்பு எனக்காக்கும். இந்தப் பிள்ள வந்து வெடியப் பத்திக் கேட்டுது. நம்ம கோயில் திருவிழாவப் படம் பிடிக்குதுன்னு நினச்சு நானும் சொன்னேன். அது எதுக்குக் கண்ணு கலங்கிக் கரையுதுன்னுதான் எனக்கு அப்பமே ஒரு சம்சயம்.”

சிரிப்பு அடங்கவே இல்லை. நான் திரைக்குப் பின்னால் போய்விடலாமா என்று பார்த்தேன். திரைக்குப் பின்னால் சுவர்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார். சிரிக்காமல் எழுந்தார்.

“எங்க அப்பா அந்தப் போராட்டத்துல நெசமாவே ஜெயிலுக்குப் போனவரு,” என்றார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள். “போலீஸ் பிடிச்சிட்டுப் போகும்போது எங்க அம்மையப் பாத்து, ‘எருமைக்குத் தண்ணி காட்ட மறந்திராத’ன்னு சொல்லிட்டுப் போனாராம். ஊருக்காகப் போனவரு வாசல் தாண்டுமுன்ன வீட்டுக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். இதையெல்லாம் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட வந்து கேக்கல. நீ வா மக்களே, சொல்லுகேன். ஆனா நான் சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு எங்கிட்டயே ஒருதரம் கேட்டுக்கோ.”

இந்தமுறை கைதட்டல். அதற்குப் பிறகு கூட்டம் என் கையில் இல்லை. ஒருவர் எழுந்து தன் தாத்தா கேட்ட மேடைப்பேச்சைச் சொன்னார். இன்னொருவர் அந்தக் காலத்து ஊர்வலப் பாட்டை அரைகுறையாகப் பாடினார். ஏழு பேர் வட்டத்தில் மாதக்கணக்காக நான் வரவழைக்கப் பார்த்த வரலாறு, என் மானம் போன பாதை வழியாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

மாமா மட்டும் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குப் போர்த்துவது என்று தெரியாமல் சுயம்வரப் பெண்ணைப் போல நின்றார். பாட்டா அதை வாங்கிக் குட்டப்பன் தோளில் போட்டார். “இத்தற காலம் வெடி வச்சும் ஒருத்தனையும் கொல்லாதவன் இவன். இவனுக்கு இட்டாத்தான் சரி.” குட்டப்பனுக்கு அதுவும் கேட்கவில்லை. பொன்னாடையைத் தடவிப் பார்த்து எனக்குக் கும்பிடு போட்டார். நான் அவர் காதருகே குனிந்து, “மன்னிச்சிருங்க” என்று கத்தினேன். “கழிச்சாச்சு, கழிச்சாச்சு” என்றார். (சாப்பிட்டாச்சா என்று கேட்டதாக நினைத்திருக்கிறார்.)

மறுநாள் காலை மாமா வீட்டுக்கு வந்தார். நான் அறைச் சாவியைத் தயாராக எடுத்து வைத்திருந்தேன்.

“அதை உள்ள வையிட்டி. அபாகஸுக்கு இல்லேன்னு சொல்லியாச்சு,” என்றார். “அந்த டீச்சரு வரும்லா, அதுக்கு நானும் வாறேன். பொறவு... அடுத்த மாசமும் இதுபோல காமெடி ஏதும் உண்டா?”

அறை இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறது. ஆசிரியையின் நேர்காணலை மூன்று மணிநேரம் பதிவு செய்தோம். ஒவ்வொரு சொல்லுக்கும் நான் அர்த்தம் கேட்டதில், “தண்ணின்னா தண்ணிதான் மக்களே” என்று அவரே ஒரு கட்டத்தில் கெஞ்சினார். பொன்னையன் பாட்டா படத்தைக் கேட்டு வாங்கித் தன் பேரனின் போனில் ஏற்றி வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறாராம். தான் எழுந்து நிற்கிற இடம் படத்தில் இல்லை என்பதால், பலர் இன்றும் அவரைக் குண்டடி பட்டவர் என்றே நம்புகிறார்கள். “பாவம், பிள்ள கஷ்டப்பட்டு எடுத்த படமில்லா” என்று அவரும் திருத்துவதில்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பெருந்தன்மை கிடையாது. தீபாவளியன்று விடிந்ததும் தெருமுனையில் முதல் சரம் வெடிக்கும். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு என் கட்டிலருகே வந்து நிற்பாள்.

“எந்திரிட்டி, துப்பாக்கிச் சூடு தொடங்கியாச்சு. மச்சினன்மாரெல்லாம் தெருவுல நிக்கானுவ. கேமராவ எடு.”