வரும்லக்காரர்

வரும்லக்காரர்களை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கையில் காசில்லாதபோதுதான் இவர்களுக்குக் கடன் வாங்கக் கை நீளும். "எப்படிய்யா கட்டுவே?" என்று கேட்டுப் பாருங்கள். "சீசன் வரும்ல!" என்று உங்கள் வாயை அடைத்துவிடுவார்கள். அகலக்கால் வைக்காதே என்றால், கால்தான் இருக்கிறதே என்பார்கள்.

எம். புதுப்பட்டி சங்கையா இந்த இனத்தின் அசல் வித்து. பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிற வேலை. அங்கே அவரைப் பார்க்க வேண்டுமே! செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டு, செல்போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, மருந்து ஒரு சிட்டிகை சிந்தினாலும் பதறி, பக்கத்து ஆள் பலமாகத் தும்மினால்கூட முறைத்து, தீபாவளியன்று சொந்த வாசலில் வெடி கொளுத்தக்கூட நீளக் கம்பில் ஊதுபத்தியைக் கட்டிக்கொண்டு போகிற மனிதர். கடன் என்றால் மட்டும் ஆளே வேறு. பைக் வந்தது, சுவர் அகலத்துக்கு டிவி வந்தது, எல்லாம் 'வரும்ல'வை நம்பித்தான்.

இந்த ஆனியில் மாடியில் ஓர் அறை கட்டும் ஆசை வந்தது. கண் நேரே மனைவி முருகேஸ்வரியின் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. பாவம், தீப்பெட்டி ஒட்டி ஒட்டி அவள் சேர்த்தது. வீட்டில் அடகுக்குப் போகாமல் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"அடகுதானே வைக்கப் போறேன்? போனஸ் வரும்ல, திருப்பிருவேன்."

"மழையும் வரும்ல?"

சங்கையா ஆடிப்போனார். பட்டாசுக்காரன் வீட்டில் சொல்லக்கூடிய சொல்லா இது? வெயிலில் காயப்போட்டால்தான் பிழைப்பு. அடைமழை பிடித்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

"வாயக் கழுவுடி! இந்த வருசம் பேயாது."

"சரி, கழட்டித் தாரேன். அதுக்கு முன்ன ஒரு வெடியக் கையில வச்சுப் பத்தவைங்க. திரி மெதுவாத்தானே எரியும்? வெடிக்கிறதுக்குள்ள எறிஞ்சிறலாம்ல?"

"கூறுகெட்டவளே! திரிய எவனாவது நம்புவானா? அது எப்பப் பிடிக்கும், எப்பப் பாயும்னு வச்ச எனக்கே..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். முருகேஸ்வரி சங்கிலியைச் சேலைக்குள் தள்ளிவிட்டுச் சோறு போடப் போனாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன மாதம் தவணையில் புதுப் போன் வாங்கினீர்களே, "கட்டிருவீகளா?" என்று வீட்டில் கேட்டார்களே, அதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? 'ல'வில் முடிந்த மாதிரி ஞாபகம்.