உங்கள் மூட்டுவலி உடனே தேவை

நடுக்கடல்,
பாய்மரப் படகு,
சாப்பாட்டு மேசை (என் கட்டிலும் அதுதான்).

மதிப்பும் பாசமும் மிக்க மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் இந்த ஒரு தடவை நீங்கள் மட்டும் நலமாக இல்லாமல் இருந்தால் எனக்குப் பேருதவியாக இருக்கும். நாங்கள் கரை சேர்ந்ததும் உங்கள் அக்காவின் போனுக்கு சிக்னல் வரும். உடனே நீங்கள் அவளைக் கூப்பிட்டு, மூட்டுவலி முற்றிவிட்டது, எழுந்து நடக்க முடியவில்லை, அக்கா வந்தால்தான் ஆகும் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் முனகினால் நல்லது. எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் அக்கா வீட்டுக்கு வரமாட்டாள் போலிருக்கிறது, மாப்பிள்ளை. இந்தப் படகிலேயே தங்கிவிடப் பார்க்கிறாள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் நீங்கள்தான் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். முதுகில் பை மாட்டிக்கொண்டு தீவு தீவாகப் போய்வர வேண்டும் என்று அவள் கேட்டபோது, "கப்பல்தானே அத்தான், சும்மா சாஞ்சு உக்காந்துக்கிட்டே போயிட்டு வந்துடலாம்" என்று சொன்னது யார்? கப்பல் என்றதும் லிஃப்ட் இருக்கும், வெள்ளைச் சட்டை போட்டவர் காபி கொண்டுவந்து நீட்டுவார் என்று நானும் நம்பிவிட்டேன். துறையில் போய் நின்றால், நம் வீட்டுக் கூடத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு படகு. ஏறியதும் ஏறாததுமாக கேப்டன் ஒரு சாக்குப்பையை நீட்டி, எல்லோருடைய செருப்பையும் அதில் போடச் சொன்னார். தளம் கீறிவிடுமாம். அதற்குப் பிறகு என் செருப்பை நான் கண்ணால் பார்க்கவில்லை. கூட வருகிறவர்கள் எல்லாம் நம் பிள்ளைகள் வயது; ஒருவர் கிதார் வைத்திருக்கிறார், ஒரே பாட்டுதான் தெரியும், அதுவும் பாதிதான். கேப்டன் உங்கள் அக்காவை "அக்கா" என்கிறார். அவளைவிட இரண்டே வயது மூத்த என்னை "பெரியவரே" என்கிறார். இதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எழுத மட்டும் செய்கிறேன்.

தங்குமிடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாப்பாட்டு மேசையின் காலை மடக்கித் தாழ்த்தி மேலே மெத்தையைப் போட்டால் அதுதான் என் படுக்கை. ஆகவே கடைசி ஆள் சாப்பிட்டு, சீட்டாடி, தோற்று, இன்னொரு ஆட்டம் கேட்டு, ஜெயித்து எழுந்து போகிற வரைக்கும் நான் ஓரமாகத் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கழிப்பறைக்குள் தலை நிமிர முடியாது. வேலை முடிந்ததும் ஒரு பம்பை மேலும் கீழும் அடித்து அடித்துக் கடல் தண்ணீரை ஏற்ற வேண்டும், அடித்து முடித்து வெளியே வருவதற்குள் அந்த அலுப்பிலேயே திரும்ப உள்ளே போக வேண்டியதாகிவிடுகிறது. குளியல் கடலில். உப்புப் போக ஆளுக்கு ஒரு குவளை நல்ல தண்ணீர் தருவார்கள், அதைத் தலையிலிருந்து ஆரம்பிப்பதா தோளிலிருந்து ஆரம்பிப்பதா என்று நான் யோசிக்கும்போதே படகு ஒரு ஆட்டம் ஆடி மொத்தத்தையும் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். இதற்கிடையில் வாந்தி. "வானமும் கடலும் சேர்ற கோட்டையே பாருங்க பெரியவரே, நின்னுடும்" என்றார் கேப்டன். பார்த்தேன். அந்தக் கோடும் சேர்ந்து ஆடியது.

உங்கள் அக்காவுக்கோ ஒரு ஏப்பம்கூட இல்லை. காலை எழுந்ததும் கால் வெறுங்கால், தலை விரிகோலம், பாயைப் பார்த்து நிற்கிறாள். ஒரு நாள் கேப்டன் டீ குடிக்கப் போகிற நேரத்தில் சுக்கானை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் தையல் வகுப்பு நடத்திய கை அல்லவா, பாய் லேசாகச் சுருங்கினாலே அவளுக்குத் தெரிந்துவிடுகிறதாம். இப்படி ஒரு திருப்பு திருப்புகிறாள், பாய் விறைத்துக்கொண்டு நிற்கிறது, படகு சமர்த்தாகப் போகிறது. "அக்கா கை சுக்கான்ல இருந்தா நான் நிம்மதியா கண்ண மூடலாம்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் நிஜமாகவே குறட்டை விட்டார். நான்தான் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் கேட்டேவிட்டார்: "சீசன் முடியிற வரைக்கும் கூட இருங்கக்கா. எனக்கு ஒரு ஆள் வேணும்." அவள் முடியாது என்று சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா நான் அப்படி ஒரு காரியம் செய்ய வேண்டும்? என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஒரு பெரிய அலுவலகத்தின் கட்டடப் பராமரிப்பு. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு மாடி மாடியாக ஏறி, எரிகிற விளக்கு, சுற்றுகிற விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன். ஆள் இல்லாத இடத்தில் எது ஓடினாலும் என் கை சும்மா இருக்காது. அன்றைக்கு ஒரு தீவின் பக்கம் நங்கூரம் போட்டு எல்லோரும் நீந்தப் போய்விட்டார்கள். நான் மட்டும் படகில். எங்கேயோ 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். காதை வைத்துத் தேடிக்கொண்டே போனால் படிக்குக் கீழே ஒரு சிவப்பு சுவிட்ச். யார் இப்படிப் பொறுப்பில்லாமல் போட்டுவிட்டுப் போனது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அணைத்தேன். சத்தம் நின்றது. நிம்மதியாகத் தூங்கினேன், மாப்பிள்ளை, இந்தப் பயணத்தில் நான் நன்றாகத் தூங்கியது அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் மதியம் கேப்டன் குளிர்ப்பெட்டியின் மூடியைத் திறந்தார், திறந்த வேகத்தில் பின்னாலேயே நடந்தார். மீன், கறி, பால், எல்லாம் போச்சு. "யாரு இத அணைச்சது?" என்று கேட்டார். "நான்தான் அணைச்சேன்" என்றாள் உங்கள் அக்கா. முந்தின நாள் படகில் தனியாக இருந்தது நான் மட்டும்தான், அவள் கேப்டனுக்குப் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருந்தாள் என்பது கேப்டன் உட்பட எல்லோருக்கும் தெரியும். கிதார்காரர்கூட மீட்டுவதை நிறுத்திவிட்டார். கேப்டன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அள்ளிக் கடலில் கொட்டினார். அன்றிலிருந்து சோறும் வெங்காயமும்தான். ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் இல்லாமல் தனியாக வீட்டுக்குப் போய்க் கதவைத் திறப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சோற்றுக்காகச் சொல்லவில்லை, அது குழைந்தாலும் நானே வடித்துக்கொள்வேன். நான் செய்கிற கோமாளித்தனத்துக்கெல்லாம் 'நான்தான்' என்று எழுந்து நிற்க உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

அதனால்தான் உங்கள் மூட்டை நம்பியிருக்கிறேன். நாளைக்குத் தண்ணீர் கொண்டுவரும் மோட்டார் படகுக்காரர், கரைக்குப் போனதும் இந்தத் தாள்களைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வலி எந்தக் காலில் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பல்வலி என்று லீவு கேட்கப் போய், இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றிப் பிடித்தவர் நீங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் ஆடாத தரையில் நின்று நீண்டகாலம் வாழ்க.

இப்படிக்கு,
ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு,
உங்கள் அத்தான்.

பின்குறிப்பு: மூட்டுவலி வேண்டாம். தாளை மடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கேப்டன்கிட்ட வரலன்னு சொல்லிட்டேங்க. வீட்டுக்கே போயிடலாம்" என்றாள். நான் ஒன்றும் கேட்கவேயில்லை, அவளாகச் சொன்னாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். கடையில் பிடித்துப்போன துணியை மடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது வருகிற குரல். "உனக்கு இருக்கணும்னு ஆசையா?" என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் ஒத்துக்கலையே" என்றாள். ஆசை இல்லை என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து போய், "ஒரு ஆள் கேட்டீங்களே, ரெண்டு பேர் இருக்கோம்" என்று கேப்டனிடம் சொன்னேன். "நீங்க என்ன செய்வீங்க பெரியவரே?" என்றார். "வாந்தி எடுப்பேன். மத்த நேரத்துல பாத்திரம் கழுவுவேன்" என்றேன். சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். உங்கள் அக்கா என் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்துவிட்டு சுக்கானைப் பிடிக்கப் போய்விட்டாள். இந்தக் கடிதத்தைக் கிழித்திருக்கலாம். ஆனால் பட்ட பாட்டை ஒருவரிடமாவது சொல்லாமல் எப்படி? படித்ததும் அழித்துவிடுங்கள், அக்காவிடம் மூச்சு விடாதீர்கள். மூட்டுவலியை மட்டும் ஒரேயடியாகக் கைவிட்டுவிட வேண்டாம், கைவசம் இருக்கட்டும். சீசன் கடைசியில்தான் காற்று பலமாக இருக்குமாம்.