மே மாதம் வரை சாப்பிடாதே, மருமகளே

க்ரெண்டி, மால்டா
தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை டீக்கும் கோயில் மணிக்கும் நடுவே

ஐரோப்பாவின் சட்டங்களையெல்லாம் நம் தாய்மொழியில் பெயர்த்து, ஒருவர் கண்ணிலும் படாமல் லக்ஸம்பர்க் மாநகரில் பத்திரமாகப் பூட்டிவைக்கும் மொழிபெயர்ப்புத் திலகம், என் அக்கா பெற்ற ஒற்றை முத்து, செல்வி இலேனியாவுக்கு, ஊர் வாத்தியக் குழுவின் பெரிய டிரம்மைத் தாங்கி நிற்பவனும் உன் ஒரே தாய்மாமனுமாகிய விஸ்டின் அநேக ஆசீர்வாதங்களோடு எழுதிக்கொள்வது.

இங்கு நானும், என் இடது முழங்காலும், நம் கோயிலில் சரியான மணி காட்டும் கடிகாரமும், சாத்தானை ஏமாற்றத் தப்பான மணி காட்டும் கடிகாரமும் சுகம். அங்கு நீயும், உன் குடையும், ஓயாத உன் மழையும் சுகமாயிருக்க மாதா துணை செய்யட்டும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், உனக்கு நான் போன் போட்டால் உன் அம்மா எந்த அறையில் இருந்தாலும் மோப்பம் பிடித்து வந்து என் தோளில் தாடையை ஊன்றிக் கேட்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத ராஜாங்க ரகசியம். நாட்டின் மானம் உன் வயிற்றில் இருக்கிறது, மருமகளே. பொறுமையாகப் படி.

உன் அம்மா கொன்சொலாத்தா, மே மாதம் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் நம் நாட்டின் சார்பில் மேடையேறப் போகிறாள் என்பது உனக்குத் தெரியும். இந்த நாட்டில் அது தெரியாதது எங்கள் வீட்டு ஆமை மட்டும்தான். அதுவும் குளிர்காலத் தூக்கத்தில் இருந்ததால். ஆனால் அந்தத் தேர்வு நடந்த கதையை அதன் சூத்திரதாரியின் வாயால் நீ இன்னும் கேட்கவில்லை. அந்தச் சூத்திரதாரி நான்தான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். விஷயம் தொடங்கியது உன்னால். அம்மா போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று நீ வைத்துவிடுகிறாய். அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? குரல் செய்தி அனுப்பப் பழகினாள். போன மழைக்காலத்தில் ஒரு நாள் உனக்கு அனுப்ப வேண்டியதைத் தவறுதலாக எனக்கு அனுப்பிவிட்டாள். நான் அதை வாத்தியக் குழுவின் மதுக்கடையில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைக்காமல் திறந்துவிட்டேன்.

"சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே? அது சாப்பாடா? எவ சொன்னா அது சாப்பாடுன்னு?"

இலேனியா, நான் மிகைப்படுத்துகிறவன் அல்ல, உனக்கே தெரியும். அந்தக் குரல் கேட்டதும் கடையில் இருந்த நாற்பது ஆண்களும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் கையிலிருந்த பீரை மேஜைக்கடியில் ஒளித்தார்கள். தாயை இழந்து இருபது வருஷமான டாக்ஸிக்காரர் நார்தூ, "இதோ வந்துட்டேம்மா!" என்று எழுந்து வீட்டை நோக்கி ஓடியவர் பாதி வழியில்தான் நினைவு வந்து திரும்பினார். அப்போது, கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி கட்டி ஆட்டப்பாட்டுப் போடும் ஸாரென் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இன்னொரு தடவை போடுங்க. இவங்க திட்டுறது தாளத்துல விழுது!" என்றான். நான் மேஜையில் தட்டிப் பார்த்தேன். விழுந்தது. ஒரு சொல் முன்னே இல்லை, ஒரு சொல் பின்னே இல்லை. நம் பாண்டு மாஸ்டர் முப்பது வருஷமாக எங்களிடம் கெஞ்சிக் கேட்டது அவள் கோபத்தில் தானாகவே இருந்தது.

ஸாரென் அதற்கு அடியில் என் டிரம்மை வைத்தான், மேலே இரண்டு குழல்களை வைத்தான், "சாப்பிட்டியா" என்று பேர் வைத்தான், தேசியத் தேர்வுக்கு அனுப்பிவிட்டான். இறுதிச் சுற்றுக்கு வந்த பாட்டுகளின் பேர்களை வானொலியில் வாசித்தபோதுதான் உன் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. காலையில் கரண்டியோடு என்னைத் துரத்தினாள். கோயிலை இரண்டு சுற்று சுற்றினோம்; ஊரின் எதிரணி வாத்தியக் குழுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தக் கடிகாரப்படி நான் பிடிபடுவேன் என்று பந்தயம் கட்டினார்கள். "என் தொண்டையை ஊருக்கு ஏலம் போட்டியாடா? உன்னைக் கொன்னு முயல் குழம்புக்குப் பக்கத்துலயே வேக வைக்கிறேன்!" என்றாள். மத்தியானம் பார்த்தால் முடி திருத்தும் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் நீல கவுனுக்குத் துணி பார்க்கிறாள். பெண்ணின் மனசு யாருக்குப் புரியும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒத்திகையில்தான் தலைவலி ஆரம்பித்தது. போட்டியின் விதிப்படி பாட்டு மூன்று நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது. பாட்டில் கடை கண்ணி பேர் வரக்கூடாது. பதிவு செய்ததைப் போடாமல், பாடுகிறவர் மேடையில் நேரிலேயே பாட வேண்டும். முதல் விதியைக் கேட்டதும் உன் அம்மா, "மூணு நிமிஷமா? எனக்கு மூச்சு விடவே அவ்வளவு ஆகும்" என்றாள். மூன்றாவதற்கு, "ஸ்பிரு கடை ரொட்டின்னு சொல்லக்கூடாதா? அப்ப எந்தக் கடை ரொட்டியை அவ சாப்பிடணுமாம்? பேர் தெரியாத ரொட்டியைத் தின்னு வயிறு கெட்டா உங்க தொலைக்காட்சி வந்து பாக்குமா?" என்று தொலைக்காட்சி அதிகாரியைக் கேட்டாள். அந்த மனிதர் விதிப் புத்தகத்தை மூடிவிட்டு, தான் காலையில் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று தானாக ஒப்புக்கொண்டார்.

இறுதி இரவு வந்தது. உன் அம்மாவுக்கு முன்னால் பாடியவர்களைப் பற்றி நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஒரு பையன் கயிற்றில் தலைகீழாகத் தொங்கியபடி காதலைப் பற்றிப் பாடினான். பாட்டு முடிந்தும் அவனை இறக்க ஆளில்லாமல் அடுத்த இரண்டு பாட்டுக்கும் அங்கேயே தொங்கினான். இன்னொரு பெண் விட்ட புகையில் நடுவர்கள் இருவர் மறைந்து, ஒருவர் தவளையைப் போலத் தரையில் தவழ்ந்து வந்து நாற்காலியைக் கண்டுபிடித்தார். இதற்கெல்லாம் நடுவே நீல கவுனும் கோபுரம் போன்ற தலைமுடியுமாக உன் அம்மா மேடைக்கு வந்தாள். பின்னால் நான் டிரம்மோடு. ஸாரென் தாளத்தைத் தொடங்கினான். விளக்கெல்லாம் அவள் மேல் விழுந்தன. அவள் வாயைத் திறந்தாள். என்ன வந்தது தெரியுமா? பிஷப் முன்னால் பேசும் பேச்சு!

"அன்பு மகளே," என்றாள், கைகளைக் கோத்துக்கொண்டு, "நீ உணவு உட்கொண்டாயா?"

என் ரத்தம் உறைந்தது. நாடே உறைந்தது. கப்பல்கள் துறைமுகத்தில் நின்றன. நடுவர் ஒருவர் பேனாவை மூடுவதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு நிமிஷம் போனால் எல்லாம் போச்சு. அப்போதுதான், மருமகளே, உன் மாமனின் மூளையில் அந்த மின்னல் வெட்டியது. டிரம்மின் மேல் சாய்ந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி (ஒலிவாங்கி இருந்தது எனக்குத் தெரியாது, சத்தியமாக) சொன்னேன்:

"அக்கா, இலேனியா நேத்து எங்கிட்ட சொன்னா. ராத்திரிக்கு டப்பா சூப்பாம். சுடவைக்கக்கூட இல்லையாம். அப்படியே ஸ்பூன் போட்டு."

ஆமாம், நீ என்னிடம் ரகசியமாகச் சொன்னதுதான். தாய்நாட்டுக்காகக் காட்டிக்கொடுத்தேன். உன் அம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள். பிறகு, அந்தக் கேமராவுக்குள் எங்கோ லக்ஸம்பர்க்கில் உட்கார்ந்திருக்கும் உன்னைப் பார்த்தாள்.

"டப்பா சூப்பா? டப்பா சூப்பா? பெத்தவ உசிரோட இருக்கேன், நீ டப்பா சூப்பா? கதவைத் தொறந்து வச்சிருக்கேன், கொழம்பை மூடி வச்சிருக்கேன், நீ டப்பாவைத் தொறந்து குடிக்கிறியா? இதுக்கா படிச்சே? இதுக்கா ஏரோப்ளேன் ஏறினே? ஊர்ச் சட்டமெல்லாம் எழுதுறியே, பசிச்சா சாப்பிடணும்னு ஒரு சட்டம் எழுதக் கூடாதா?"

நான் அடித்தேன் பார் டிரம்மை! குழல்காரர்கள் அழுதுகொண்டே ஊதினார்கள். அரங்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று, ஒவ்வொரு "சாப்பிட்டியா"வுக்கும் "சாப்பிட்டேம்மா!" என்று பதில் கொடுத்தார்கள். தலைகீழாகத் தொங்கிய பையனும் கொடுத்தான். மூன்றாம் நிமிஷம் முடிகிற நொடியில் "போனை வைக்காதே!" என்று முடித்தாள். பிறகு நடந்தது உலகம் அறிந்தது. அவளுக்கு வந்த வாக்குகளில் தொலைபேசிக் கம்பிகள் சூடாகி, அன்றிரவு தீவில் யாரும் அடுப்பு பற்றவைக்க வேண்டியிருக்கவில்லை. நம் ஊரில் வெடித்த வாணவெடியை எரிமலை என்று நினைத்துச் சிசிலிக்காரர்கள் மூட்டை கட்டினார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா நேரில் கோபப்பட்டால்தான் அது பாட்டு. கோபம் இல்லாவிட்டால் அது நலம் விசாரிப்பு; நலம் விசாரிப்புக்கு ஐரோப்பா புள்ளி போடாது. இப்போது பார், தவக்காலம் வந்ததும் எல்லோரும் இனிப்பை விட்டார்கள். உன் அம்மா திட்டுவதை விட்டுவிட்டாள்! ஈஸ்டர் வரை ஒரு சொல் கடிந்து பேச மாட்டேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். ஒத்திகையில் அவள் பேசுவதைக் கேட்டால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேசுவது போலிருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் என் காலில் விழாத குறை. நான் பங்குச் சாமியார் துன் மான்வெலிடம் ஓடினேன். அவர் பெரிய புத்தகங்களைப் புரட்டி, "இசையோடு, மூன்று நிமிஷத்துக்குள் திட்டினால் அது திட்டில் சேராது, ஜெபத்தில் சேரும்" என்று தீர்ப்புச் சொன்னார். அவரையும் அவள் திட்டியிருக்கிறாள், அதனால் அவருக்கு அனுபவம் உண்டு.

ஆனால் இந்த அனுமதிச் சீட்டெல்லாம் எதுவரை? நீ ஈஸ்டருக்கு வரப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். அங்கேதான் ஆபத்து. நீ வருவாய், அவள் மக்கரோனியை அடுப்பில் வைத்துச் சுடுவாள், பாதாம் வைத்த ஈஸ்டர் பலகாரத்தை உனக்கென்று ஒளித்து வைப்பாள், நீ இரண்டு தட்டு சாப்பிட்டு ஏப்பம் விடுவாய், அவள் முகம் மலர்ந்துபோகும். அவ்வளவுதான். நாடு காலி. வயிறு நிறைந்த மகளைப் பெற்றவள் யாரைத் திட்டுவாள்? ஆகவே தாய்மாமன் என்ற உரிமையில் கேட்கிறேன்: ஈஸ்டருக்கு வராதே. மே மாதம் வரை ஒழுங்காகச் சாப்பிடாதே. சாப்பிட்டாலும் சொல்லாதே. முடிந்தால் ஒரு காய்ந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. அவள் போன் போட்டால் இன்னும் சீக்கிரமாக வை. இத்தனை வருஷத்தில் நாம் ஒருமுறைகூட இந்தப் போட்டியில் ஜெயித்ததில்லை. இந்த முறை நம் வெற்றிக்குக் குறுக்கே நிற்பது உன் பசி ஆறுவது ஒன்றுதான். போட்டியன்று மட்டும் மறக்காமல் நமக்கு வாக்குப் போடு. விதிப்படி நாங்கள் இங்கிருந்து நம் நாட்டுக்கே போட முடியாது. நீ அங்கிருந்து போடலாம். அதற்காகத்தானே உன்னை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பியது.

நம் ஊர் மாதா உன் தலையையும், தலைக்கு மேலிருக்கும் கூரையையும், கூரைக்கு மேலிருக்கும் மேகத்தையும் காக்கட்டும். வாத்தியக் குழுவின் நாற்பது பேரும், டாக்ஸிக்காரர் நார்தூவும், கண்விழித்துவிட்ட ஆமையும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
நாட்டுக்காக மருமகளைப் பட்டினி போடும் துயரம் தாங்கிய மாமன்,
விஸ்டின்

பி.கு.: தபால் நிலையம் என் முழங்காலுக்குத் தூரம். அதனால் கடிதத்தை உன் அம்மாவிடமே கொடுத்துப் போடச் சொல்கிறேன். பயப்படாதே. என் கையெழுத்து அவளுக்குப் புரியாது.

பி.கு.வுக்குப் பி.கு.: இது அம்மா எழுதுறேன். இவன் கையெழுத்தை ஒண்ணாங்கிளாஸ்ல கையப் பிடிச்சு எழுதவச்சவளே நான்தான். எனக்குப் புரியாதாம். தவக்காலமாச்சேன்னு ஒண்ணும் சொல்லாம இருக்கேன்.

குரல் செய்தி தப்பாப் போச்சுன்னு இன்னும் நம்பிக்கிட்டிருக்கான் பாரு. என் போன்ல தப்பாப் போகுமா? இவங்கிட்டப் போனாத்தான் ஊர் பூரா போகும், உன் காதுக்கும் வந்து சேரும்னு அனுப்பினேன். பாட்டாகும்னு நெனைக்கலை. ஆனதும் சரி இதுவும் நல்லதுக்குத்தான்னு முடி வெட்டப் போனேன். டப்பா சூப்பும் எனக்கு முன்னாடியே தெரியும். நீ அனுப்பின போட்டோவுல ஜன்னலோரம் அடுக்கி வச்சிருந்தியே, எண்ணிட்டேன். மேடையில கூச்சத்துல நின்னது மட்டும் நிஜம். அதுக்கு உன் மாமன் வாயைத் திறந்தது உபயோகமாச்சு. அதை அவங்கிட்டச் சொல்லாதே, டிரம்மைத் தூக்கிட்டு ஊர்வலம் கெளம்பிடுவான்.

போட்டிக்கு ஏன் போறேன்னு கேக்குறியா? உனக்குப் போன் போட்டா பேச்சைத் தொடங்கறதுக்குள்ள வச்சிடறே. அங்க மூணு நிமிஷம் யாரும் வைக்க முடியாதாம். ஐரோப்பா முழுக்க யாரும் வைக்க முடியாதாம். அதான் போறேன்.

ஈஸ்டருக்குக் கெளம்பி வா. தோக்கிறது நாட்டுக்குப் பழக்கம்தான், அது பாத்துக்கும். உன் வயிறு நெறைஞ்சிட்டா எனக்குத் திட்ட ஆளில்லாமப் போகும்னு கவலைப்படறான், இவன் இருக்கறவரைக்கும் எனக்கென்ன குறை? நீ வரலேன்னா மே மாசம் ரெண்டாவது சரணத்துல உன் முழுப் பேரு, வயசு, இன்னும் கல்யாணம் ஆகலைங்கறது, துவைக்காம நாற்காலியில போட்டு வச்சிருக்கற துணி, எல்லாத்தையும் சேத்துடுவேன். ஸாரென் இடம் இருக்குன்னு சொல்லிட்டான்.

சாப்பிட்டியா?